இரண்டாம் முறை கேட்கக் கூடாது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி தபாலுக்குப் பதில் போடமாட்டான். மின்னஞ்சல் என்றால் ஒரு வரியாவது எழுதுவான். அதற்காகக் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். கீழே பேக்கரி, மேலே சென்டர். படியேறும்போதே தேங்காய் பன் வேகும் வாசனை வரும். அங்கே முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் லோகப்பிரியா. கடை அவள் மாமாவுடையது, நடத்துவது அவள்.

ஒரு நாள் லைன் கிடைக்காமல் காத்திருந்தபோது அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க கதை எழுதறவங்கதானுங்களே? பொஸ்தகத்துக்குப் பின்னாடி போட்டோ பாத்திருக்கறேன்.”

“ஆமா கண்ணு.”

“எங்கம்மா உங்க கதைய படிச்சுப்போட்டு அழுவாங்க. கடைசில எப்படியும் சேந்துக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் அழுவாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “எங்க பெரியம்மா மகன், கதிரண்ணன், அதுக்கு ஒரு கதை எழுதிக் குடுங்கக்கா. அதுல சேத்து வெச்சுருங்க. அண்ணனுக்குப் படிக்கக் குடுக்கோணும்.”

“இருக்கறவங்களப் பத்தி நான் எழுதறதில்ல சாமி. முடியாது.”

அது முதல் முறை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முடியாது என்று சொன்ன பிறகுதான் அவள் முழுக்கதையையும் சொன்னாள்.

2

தொடக்கம் ஒன்று:

மழை விட்டிருந்த மாலையில் மேக்னா மொட்டை மாடியில் நின்று ஈரக் கூந்தலை—

இல்லை. மேக்னாவை நான் பார்த்ததில்லை. கூந்தல் நீளமா, கத்தரித்ததா என்றுகூடத் தெரியாது. மழையும் மொட்டை மாடியும் என் பழக்கம். பேனா தானாகவே அங்கே போய் நின்றுகொள்கிறது.

தொடக்கம் இரண்டு:

கோட்டையின் இரும்புக் கதவைத் தோளில் தாங்கி நின்றான் கதிர்வேல். அவன் பலம் கரைந்துகொண்டிருந்தது. எதிரே மருந்துக் குப்பியோடு மேக்னா—

இது நடந்ததுதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் ராஜா ராணிக் கதை என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இந்தக் கோட்டை ஒரு கணினிக்குள் இருந்தது. அதையும் நீங்கள் நினைக்கிற மாதிரி கற்பனை செய்யாதீர்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

எனக்கும் புரியாமல்தான் கேட்டேன். லோகப்பிரியா பொறுமையாகச் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் கணினியில் அந்த ஆட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். டெலிபோன் லைன் வழியாக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதற்குள் நுழையலாம். நுழைந்தால், ‘நீங்கள் இரும்பு வாசலில் நிற்கிறீர்கள்’ என்று திரை சொல்லும். பிறகு தூக்கு, நட, கொடு, வாங்கு என்று நாம் அடிக்கவேண்டும். உடன் நிற்பவர்களோடு பேசவும் செய்யலாம்.

அந்த வாசலைத் தனியாளாகத் தாண்ட முடியாது. நான்கு பேர் வேண்டும். ஒருவர் கதவைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். ஒருவர் விளக்கு. ஒருவர் வாளோடு உள்ளே போகவேண்டும். நான்காமவர் கதவு தூக்குகிறவருக்கு மருந்து கொடுக்கவேண்டும், ஏனென்றால் அவருடைய பலம் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அவருடைய திரையில் மட்டும்தான் தெரியும். அவராக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. மருந்தைத் திணிக்கவும் முடியாது. ‘வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று திரை அவரைக் கேட்கும். ஆம் என்றால்தான் சேரும்.

இதை அவள் சொல்லி முடித்ததும் எனக்குத் தோன்றியது: இந்த ஆட்டத்தை உண்டாக்கியவன் கல்யாணமானவனாக இருக்கவேண்டும்.

3

ஆட்டத்துக்குள்ளேயே ஊர்ப்பேச்சை வைத்துப் பழக்கமாகிச் சேர்ந்த நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன்.*

சசிதர். பீளமேட்டில் இவர்கள் குடும்பத்துக்கு பவுண்டரி; மோட்டார் பம்புக்கு வார்ப்படம் ஊற்றிக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை உலை மூட்டமாட்டார்கள். ஆளில்லாத ஆபீசில் உட்கார்ந்து விளையாடுவான். வாள் அவனிடம்.

மேக்னா, சசிதரின் தங்கை. எம்.சி.ஏ. கடைசி வருஷம். வீட்டுக் கணினியில் இருந்து வருவாள். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வாசற்படி தாண்டினால் நம் ஊர்த் தமிழ். மருந்து அவளிடம்.

கதிர்வேல். சோமனூர். சொந்தமாகத் தறிக்குடோன். விசைத்தறிகள் ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவன்; அங்கே வாயால் பேசினால் எடுபடாது, கைஜாடைதான். அதனாலோ என்னவோ அவனுக்குப் பேச்சு வராது, எழுத்தில் வரும். ஞாயிறு மதியம் பஸ் ஏறி சென்டருக்கு வந்துவிடுவான். கதவைத் தூக்குவது அவன்.

லோகப்பிரியா. “வெளக்குப் புடிக்கற வேலைதானுங்கக்கா எனக்கு. ஆட்டத்துலயும் அதான், வெளியிலயும் அதான்.”

* பெயர்களையும் தொழில்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சோமனூரை மாற்ற மனம் வரவில்லை. அந்தத் தறிச்சத்தம் இல்லாமல் கதிர்வேலை எனக்கு எழுதத் தெரியவில்லை.

4

அவர்கள் முதல்முறை அந்த வாசலுக்குப் போனபோது என்ன நடந்தது என்பதை லோகப்பிரியா நடித்தே காட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பேசிக்கொள்வார்களாம். எனக்குச் சொன்னது இது.

சசிதர்: கதிர், தூக்கிப் புடிக்கச் சிரமமா இருக்குதுங்களா?

கதிர்வேல்: அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.

சசிதர்: அப்ப நான் உள்ள போகட்டுங்களா?

கதிர்வேல்: போங்க போங்க. நீங்க நிதானமாப் போங்க.

மேக்னா: மருந்து வேணுமுங்களா?

கதிர்வேல்: வேண்டாமுங்க. நீங்க வெச்சுக்குங்க, உங்களுக்குத் தேவப்படும்.

பக்கத்துத் திரையில் இருந்த லோகப்பிரியா எட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் பலம் அடிமட்டத்தில் இருந்தது. “அண்ணா, சாகப்போற!” என்று அவள் கத்தி முடிப்பதற்குள் கதவு விழுந்தது. உள்ளே போன சசிதர் உள்ளேயே மாட்டிச் செத்தான். விளக்கு அணைந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்ததெல்லாம் போயிற்று.

சென்டரில் போன் அடித்தது. சசிதர்.

“ஏனுங்க கதிர், சாகற வரைக்கும் வேண்டாமுங்க வேண்டாமுங்கன்னா என்னங்க நாயம்?”

கதிர்வேல் போனை வாங்கிக்கொண்டான். சொன்னான்:

“இன்னொருக்கா கேட்டிருந்தாங்கன்னா வாங்கியிருப்பேனுங்க.”

5

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்காக நிறுத்தவேண்டியிருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் ஊரில் முதல் ‘வேண்டாமுங்க’ பதில் இல்லை. அது வணக்கம் மாதிரி. ஒரு வீட்டுக்குப் போனால், காபி குடிக்கிறீர்களா என்பார்கள். பசியில் கண் இருட்டினாலும், இப்பத்தானுங்க குடிச்சேன் என்று சொல்லவேண்டும். அட ஒரு வாய் குடிங்க என்பார்கள். எதுக்குங்க சிரமம் என்று சொல்லவேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது டம்ளர் கையில் இருக்கும். மூன்றாவது முறையும் மறுத்தால் அதுதான் நிஜமான மறுப்பு. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம்.

என் வீட்டுக்காரர் சென்னைக்காரர். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்த புதிதில் ஒரு நாள் அவரே தோசை சுட்டார். “இன்னொண்ணு?” என்றார். “வேண்டாங்க” என்றேன். ஸ்டவ்வை அணைத்துவிட்டார். அடுப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அன்றைக்குப் பசியோடு எழுந்தேன். நல்ல மனிதர். கேட்டார், சொன்னேன், நம்பினார். அதில் என்ன தப்பு? கைகழுவும்போது அழுகை வந்தது.

என் நாவல்கள் எல்லாவற்றையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கதாநாயகன் இரண்டாம் முறை கேட்பான். ரயிலடியில், ஆஸ்பத்திரியில், கோயில் பிரகாரத்தில். அவள் சரி என்பாள். அவன் ஒரே முறை கேட்டுவிட்டுப் போயிருந்தால் நான் எழுத்தாளராகவே ஆகியிருக்கமாட்டேன்.

6

அடுத்த ஞாயிறு அவர்கள் வாசலில் நிற்கும்போது வேறு ஏதோ தேசத்துக் கூட்டம் ஒன்று வந்ததாம். கதவு தூக்குகிறவன் ஓர் எழுத்து அடித்தான், மருந்து வந்தது. மறுபடி ஓர் எழுத்து, மறுபடி மருந்து. நன்றிகூடச் சொல்லவில்லை. உள்ளே போனார்கள், வந்தார்கள், போய்விட்டார்கள்.

“என்ன சனமோ, ஒரு மட்டு மரியாத இல்ல” என்று லோகப்பிரியா அடித்தாள்.

“ஆனா உசுரோட போறாங்க பாருங்க” என்றான் சசிதர். பிறகு நீளமாக அடித்தான்:

“எங்க பவுண்டரில இரும்புக் கொழம்ப ஊத்தறப்ப ‘ஊத்து’, ‘நிறுத்து’ ரெண்டே வார்த்தைதானுங்க. அங்க நின்னு மரியாத பாத்தா காலு வெந்துபோயிரும். இன்னிக்கிருந்து நம்ம டீமுக்கும் அதேதான். ஒருக்கா கேட்டா ஒருக்கா பதில். வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். ரெண்டாவது தடவ யாரும் கேக்கக் கூடாது. எல்லாத்துக்கும் சரிதானுங்களா?”

சரி என்றார்கள்.

“நெசமாலும் சரிதானுங்களா?”

“தலைவரே ரெண்டாவது தடவ கேக்கறாரு. அபராதம் போடுங்க” என்றாள் மேக்னா.

அன்று கதவு தூக்கியாகிவிட்டது. மேக்னா கேட்டாள்: மருந்து வேணுமுங்களா?

இதுதான் இந்தக் கதையின் காதல் காட்சி. எனக்கு முப்பது பக்கம் தேவைப்படுகிற இடம். நடந்தது இவ்வளவுதான்: கதிர்வேலின் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. நெற்றியில் வேர்த்தது. “சொல்லண்ணா, சொல்லு” என்று லோகப்பிரியா தோளைத் தட்டினாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான்.

வேணுமுங்க.

ஒரு பெண்ணிடம் அவன் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல்முறை. மருந்து வந்தது. கதவு நின்றது. சசிதர் போய்த் திரும்பினான். நான்கு பேரும் வாசலைத் தாண்டினார்கள். சென்டரில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி லோகப்பிரியா கத்தினாள். கதிர்வேல் மட்டும் அந்த ஒரு வார்த்தை திரையில் மேலே ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மேக்னா சீக்கிரமே வந்துவிடுவாள். சசிதர் வருவதற்கு முன்னால் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நூல் விலை, பரீட்சை, மருதமலைக்கு யாரோ பாதயாத்திரை போனது. காதல் என்ற சொல்லை இருவருமே அடிக்கவில்லை என்று லோகப்பிரியா சத்தியம் செய்கிறாள். நான் அவளை நம்புகிறேன். காதலிக்கிறவர்களுக்கு எங்கே அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

7

ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே ஒரு முறை நான்கு பேரும் நேரில் சந்தித்தார்கள். பிரிண்டர் வாங்க காந்திபுரம் வந்த சசிதர் தங்கையையும் அழைத்துக்கொண்டு படியேறினான். கதிர்வேல் எழுந்து நின்றவன் உட்காரவே இல்லையாம்.

லோகப்பிரியா கீழே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சொன்னாள்.

“டீ குடிக்கறீங்களா?” என்று மேக்னாவைக் கேட்டாள்.

“வேண்டாமுங்க, இப்பத்தான் ஊட்ல குடிச்சேன்.”

“அட, ஒரு வாய் குடிங்க.”

மேக்னா வாங்கிக்கொண்டாள். (இதைக் கவனியுங்கள். நான் இந்தக் காட்சியை எழுதுவதே இதற்காகத்தான்.)

பிறகு மேக்னா பன்னை நான்காகப் பிய்த்து கதிர்வேலிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

“சாப்புடறீங்களா?”

“வேண்டாமுங்க.”

“அவ்வளவுதான். ரூல் இருக்குதுங்க” என்று சொல்லி அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தான். காலையில் இருந்து சாப்பிடாமல் வந்தவன். சோமனூர் பஸ் ஏறும்வரை சிரித்த முகமாகவே இருந்தானாம்.

டீயை இரண்டாம் முறைக்கு வாங்கிக்கொண்டவளுக்கு, நம் ஊர் ‘வேண்டாம்’ என்றால் என்ன என்று தெரியும். பன்னை அவனுடைய முதல் மறுப்புக்கே தன் வாயில் போட்டுக்கொண்டவளுக்கு, டீம் விதி என்றால் என்ன என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தவள் அவள். என் பேனா இங்கேதான் தடுக்குகிறது.

8

எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் இதுவரை எழுதியதைக் காட்டினேன். “வில்லன் யாரும்மா?” என்றார்.

“இல்லீங்க.”

“அந்த அண்ணன்காரனை ஆக்கிருங்க. தங்கச்சி மனசு தெரிஞ்சே ரூல் போட்டான்னு வையுங்க.”

முயன்று பார்த்தேன்.

சசிதரின் உதட்டில் ஓர் ஏளனச் சிரிப்பு—

அடித்துவிட்டேன். சசிதருக்கு ஒன்றுமே தெரியாது. வாசலைத் தாண்டவேண்டும் என்று ஆசைப்பட்டான், அதற்கு ஒரு வழி சொன்னான், வழி சரியாகவும் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்யவேண்டுமென்றால் ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே நம்பவேண்டும். நம்பினால் மனசுக்குள் இருப்பதை ஊகிக்க வேலை இல்லை. ஊகிக்கிற பழக்கம் போனால் போனதுதான். விளையாட்டில் பிழைக்க எதைக் கற்றுக்கொண்டார்களோ அதுவே வெளியில் அவர்களைத் தின்றது. இதில் யாரை வில்லனாக்க?

9

தாமதிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பாதி ஆட்டத்தில் சசிதரின் லைன் அறுந்துபோயிற்று. வாசலில் மூன்று பேர். லோகப்பிரியாவை ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்து கதிர்வேலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் ஏற்கெனவே இது இருந்தது:

மேக்னா: வெள்ளிக்கெழம பூ வெக்க வர்றாங்க. மாப்பிள்ள அமெரிக்காவுல. அப்பா எங்கிட்டக் கேட்டாரு, இன்னும் பதில் சொல்லல.

கதிர்வேல்: அப்படீங்களா.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேக்னாவின் வரி வந்தது.

மேக்னா: நான் வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?

ஒரு பெண் இதைவிட எப்படிக் கேட்பாள்? கதிர்வேல் பதில் அடித்தான். ஆனால் இந்த முறை எழுத்துகளைத் தேடவில்லை. வழக்கமான வார்த்தைகள், கை தானாக ஓடியது.

கதிர்வேல்: ஐயோ, எனக்காக நீங்க எதுக்குங்க ஊட்ல சங்கடப்படறீங்க. வேண்டாமுங்க.

அடித்துவிட்டுக் கையை எழுத்துகளின் மேலேயே வைத்துக் காத்திருந்தான்.

மேக்னா: சரிங்க.

அதற்குக் கீழே ஆட்டம் தானாக ஒரு வரியைப் போட்டது. மேக்னா வெளியேறினாள்.

“அண்ணா! என்னத்த அடிச்சு வெச்சிருக்கற?”

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னொருக்கா கேப்பாங்கன்னு நெனச்சேன் கண்ணு.”

10

“நீயாவது அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணியிருக்கலாமே கண்ணு” என்றேன்.

“பண்ணினேனுங்கக்கா. அவங்கம்மா எடுத்தாங்க. தெலுங்குல யாரையோ கூப்புட்டாங்க. பொறவு அந்தப் புள்ளையே வந்துச்சு. நான், அண்ணன் மரியாதைக்குச் சொல்லியிருக்குதுங்க, அப்படீன்னேன்.”

“அதுக்கு?”

“அவரு வாயால சொன்னாருங்களா, இல்ல நீங்களாச் சொல்றீங்களான்னு கேட்டுச்சு. நான் பேசாம இருந்தேன். வெச்சிருச்சு.”

அன்றே சோமனூருக்குப் போய்க் கதிர்வேலிடம் சொல்லியிருக்கிறாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நூலை முடிந்தபடி அவள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான். கையை மட்டும் ஆட்டினான். அந்த ஜாடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “டீம்ல ஒருக்கா சொன்னது சொன்னதுதான்னு” என்றாள். விதி எல்லோருக்கும் பொது என்று நினைத்தானா, தனக்கு அதைக் கேட்க என்ன தகுதி என்று நினைத்தானா, வீட்டுக்கு வீடு பேச்சு வேறு, சாதி வேறு என்று பயந்தானா? அவனிடம் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்பான்.

தை மாதம் கல்யாணம். சசிதர் பத்திரிகையோடு சென்டருக்கே வந்தான். நம்ம டீம் வராம எப்படீங்க, என்று அவன் சொன்னதில் கபடு எதுவும் இல்லை.

போனார்கள். மேடையேறிப் பரிசு கொடுத்தார்கள். மேக்னா, வாங்க என்றாள், கதிர்வேல் கும்பிட்டான். பந்தியில் சசிதரே முன்னால் நின்று கவனித்தான்.

லோகப்பிரியா இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். “அன்னிக்கு எல்லாரும் அண்ணனை மூணு மூணு தடவ கேட்டாங்கக்கா. போளி இன்னொண்ணு வெக்கட்டுங்களா, வேண்டாமுங்க, அட வெச்சுக்குங்க. பாயசம் ஊத்தட்டுங்களா, போதுமுங்க, அட ஒரு கரண்டி. எல வழிய வழிய.” கண்ணைத் துடைத்தாள். “எல்லாத்தையும் தின்னுச்சு.”

பிறகு கேட்டாள்: “சேத்து வெச்சு எழுதறீங்களாக்கா?”

“எப்படி கண்ணு முடியும்? கல்யாணமே ஆயிருச்சே.”

அது இரண்டாம் முறை.

11

இருந்தாலும் வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். மூன்று முடிவுகள்.

ஒன்று. ‘சரிங்க’ என்று அடிப்பதற்கு முன் மேக்னா நிறுத்துகிறாள். விதியை மீறி இரண்டாவது முறை கேட்கிறாள். அவன் ‘வேணுமுங்க’ என்கிறான். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் இதைப் படித்தால் கதிர்வேலுக்கு என்ன தோன்றும்? அவள் இன்னும் ஒரே ஒரு வரி அடித்திருந்தால் போதும் என்று தோன்றும். அதை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவான்?

இரண்டு. மேக்னாவுக்கு அவன் மறுப்பு நிம்மதியாக இருந்தது. அமெரிக்கா பிடித்திருந்தது, கேட்டோம், வேண்டாம் என்றார், நம் மேல் குற்றமில்லை என்று கையைக் கழுவினாள். இது உண்மையாகக்கூட இருக்கலாம். அந்த டீயை நினைத்துப் பாருங்கள். இதை அவன் படித்தால் ‘வேணுமுங்க’ என்று அவன் அடித்த அந்த ஒரு நாளும் செத்துப்போகும்.

மூன்று. சசிதருக்கு எல்லாம் தெரியவருகிறது. அவன்—

சசிதருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவனும் அழுவான். அழுகிறவர்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

எனக்கு இதுவரை இப்படி நேர்ந்ததில்லை. என் கதையைப் படிப்பவர்கள் எல்லாம் கதைக்கு வெளியே பத்திரமாக இருப்பவர்கள். இந்த முறை படிக்கப்போகிறவன் உள்ளே கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நான் எந்த வார்த்தையை வைத்தாலும் அது அவன் தோளில்தான் விழும்.

12

தம்பிக்குச் சென்டரிலிருந்து கடைசியாக மின்னஞ்சல் அனுப்பியது போன வாரம். வீட்டிலேயே கணினி வாங்கிவிட்டோம். இனி சென்டருக்குப் போக வேலை இல்லை. சொல்லிக்கொண்டு வரலாம் என்று நின்றேன். கதை பாதியில் நிற்கிறது என்றேன். லோகப்பிரியா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“ஒண்ண உங்ககிட்டச் சொல்லலீங்கக்கா.”

டீம் கலைந்துவிட்டது. சசிதர் எப்போதாவது வருவான், பிறகு அதுவும் நின்றது. லோகப்பிரியாவுக்குக் கடை வேலை. கதிர்வேல் மட்டும் ஞாயிறு தவறாமல் வருகிறான். மூலையில் இருக்கும் கணினியில் உட்கார்ந்து ஆட்டத்துக்குள் போய், இரும்பு வாசலில் கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். உள்ளே போக யாரும் இல்லை. பலம் கரைந்து கதவு விழுந்து செத்துப்போவான். மறுபடி வந்து தூக்குவான். பஸ் நேரம்வரை.

சித்திரையில் ஒரு ஞாயிறு திரையில் ஒரு வரி வந்தது.

மேக்னா வந்தாள்.

அமெரிக்காவில் அப்போது நடுராத்திரியாக இருக்கும். அவள் ஒன்றும் பேசவில்லை. லோகப்பிரியா எழுந்து ஓடி வந்தாள். கதவு அவன் தோளில் இருந்தது, பலம் கரைந்துகொண்டிருந்தது. மேக்னாவின் திரையில் அது தெரியாது. ஆனாலும் அடுத்த வரி வந்தது.

மேக்னா உங்களுக்கு மருந்து கொடுக்கிறாள். வாங்கிக்கொள்கிறீர்களா?

ஆட்டம் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். லோகப்பிரியா குனிந்து, தானே ‘ஆம்’ என்று அடிக்கக் கை நீட்டினாள். கதிர்வேல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாங் கண்ணு.”

“அண்ணா, அந்தப் புள்ளையே திருப்பிக் கேக்குது...”

“இன்னொருத்தரு ஊட்டுக்குப் போனவங்க. வேண்டாம்.”

“மொதத் தடவ வேண்டாம்னது மரியாதைக்குங்கக்கா” என்றாள் என்னிடம் லோகப்பிரியா. “இது நெசமாலும் வேண்டாம். எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. கையப் புடிச்ச புடியிலயே தெரிஞ்சுது.”

பதில் வராததால் கேள்வி திரையில் இருந்து மறைந்தது. மேக்னா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு விழுந்தது. மேக்னா வெளியேறினாள்.

ஆக, அவள் இரண்டாம் முறை கேட்டிருக்கிறாள். நான் முதல் முடிவில் கற்பனையாக எழுதியதை அவள் நிஜமாகவே செய்திருக்கிறாள், கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அது விசாரிப்பா, மன்னிப்பா, பிரியாவிடையா, எனக்குத் தெரியாது. மருந்துக்குப்பி ஒன்று மிச்சம் இருந்தது, கொடுத்தாள். அவ்வளவாகவும் இருக்கலாம்.

நான் எழுந்தேன். லோகப்பிரியா படிவரைக்கும் கூடவே வந்தாள். கீழே இருந்து பன் வாசனை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சேத்து வெச்சு எழுதுங்கக்கா. நெசத்துலதான் ஆகல. காயிதத்துலயாச்சும்.”

மூன்றாம் முறை. மூன்றாம் முறை கேட்டால் மறுக்கக் கூடாது. நானும் இந்த ஊர்க்காரி.

“சரி சாமி” என்றேன்.

13

சரி என்று சொல்லிவிட்டு வந்து நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணக்கு இதுதான். மேக்னா ஒருக்கா கேட்டாள், அவன் மரியாதைக்கு மறுத்தான். மறுபடி கேட்டாள், அவன் நிஜமாக மறுத்தான். நம் ஊர் வழக்கப்படி இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது. அதை மேக்னாவால் கேட்க முடியாது. கேட்டால் அவள் குடும்பம் போகும். கதிர்வேல் தானாகக் கேட்கமாட்டான். சசிதருக்குத் தெரியாது. லோகப்பிரியா தன் பங்குக்கு என்னிடம் கேட்டுவிட்டாள். நான் கேட்கலாம் என்றால், என் பேனா இதுவரை கேட்டதெல்லாம் ‘சரி’ என்ற பதில் தெரிந்த பிறகுதான். பதில் தெரியாமல் கேட்டுப் பழக்கமில்லை.

உங்களுக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு உங்களைத் தெரியாது. மரியாதை பார்க்கவேண்டிய உறவு எதுவும் இடையில் இல்லை. அதனால் மூன்றாம் முறை கேட்கவேண்டிய இந்த இடத்தை உங்களிடம் விட்டுப்போகிறேன். லோகப்பிரியா இதை அவனிடம் கொடுப்பாள். அவன் இந்த வரிவரைக்கும் வருவான். இதற்குக் கீழே நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

ஞாயிற்றுக்கிழமை மதியம். கதிர்வேல் இரும்பு வாசலில் கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் பலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அப்போது யாரோ வந்து அவனிடம், “